படத்தில் தெரியாத தவறுகள்: மாடல் ரயில் லேஅவுட் கட்டுகிறவர்களுக்கு

மாடல் ரயில் லேஅவுட் (பலகை மேல் பாதையும் காட்சியுமாக அமைக்கும் குட்டி ரயில் உலகம்) கட்டுகிறவர்கள் "இதுவரை இவ்வளவு முடித்திருக்கிறேன்" என்று காட்டும் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மலை வந்திருக்கும், சுரங்கம் வந்திருக்கும், பிளாட்பாரத்தில் குடையோடு நிற்கிற ஆள்கூட வந்திருப்பார், ஆனால் ரயில் மட்டும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும். கேட்டால் "அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் தடம் புரளுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வரும். அப்புறம் பார்க்க முடியாது. அதற்குள் அந்த வளைவின் மேல் மலை ஏறி உட்கார்ந்திருக்கும்.

லேஅவுட்டைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை படத்தில் விழாத இடங்களில் நடக்கின்றன: பலகையின் அளவு, வளைவின் ஆரம், தண்டவாள இணைப்பு, அடியில் ஓடும் வயர். புல்லும் மரமும் சரியில்லை என்றால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம், இவற்றை அப்படி மாற்ற முடியாது. அதனால் அழகு வேலையைப் பற்றி இங்கே கொஞ்சமாகத்தான் பேசப் போகிறேன்.

முதலில் பலகை. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை வாங்கி நடுவில் போட்டு, அதன் மேல் ஒரு நீள்வட்டம் போடுவதுதான் நிறையப் பேர் தொடங்கும் விதம். தப்பில்லை, ஆனால் அது எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. குனிந்து நீட்டினாலும் கை எட்டுவது 75 செ.மீ. வரைதான், நாலடி என்பது 122 செ.மீ. ஆக இரண்டு நீளப் பக்கத்திலும் ஆள் நிற்க இடம் வேண்டும், ஒரு முனையிலாவது சுற்றிப் போக வழி வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 60 செ.மீ. விட்டால் மொத்தம் ஏறத்தாழ 2.4 மீட்டருக்கு 3 மீட்டர் ஆகிவிடும். அதே இடத்தில் சுவரை ஒட்டி 40 செ.மீ. அகலத்துக்குத் தட்டு மாதிரி சுற்றிக் கட்டினால் பாதை நீளும், மூலை வளைவுகளைப் பெரிதாக்கலாம், எல்லாமே கைக்கு எட்டும். கதவு இருக்கும் பக்கம் கழற்றி மாட்டுகிற பாலம் ஒன்று தேவைப்படும், அது தனித் தலைவலிதான், இருந்தாலும் பரவாயில்லை.

அளவைப் பற்றி இன்னொன்று. ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேட்டர் வுண்டர்லேண்டின் படங்களைப் பார்த்துவிட்டு அந்தக் கனவோடு பலகை வெட்டத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது சம்பளத்துக்கு ஆட்களை வைத்து நடத்துகிற இடம். வீட்டில் ஓய்வு நேரத்தில் தனியாகக் கட்டுகிறவர் பார்க்க வேண்டியது, பிரிட்டனின் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நுக்' மாதிரியான சின்ன ஷண்டிங் பாதைகளை, அதாவது வேகன்களை முன்பின் நகர்த்தி வரிசை மாற்றுகிற பாதைகளை. மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப்பாதை), இரண்டே பாயிண்ட்ஸ் (பாதை பிரியும் இடம்). ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் 8 வேகன், அவற்றில் 5-ஐ சொன்ன வரிசையில் கோத்து வெளியே கொண்டுவர வேண்டும். இப்படி 6720 வரிசைகள் வரும், எனவே சீக்கிரம் சலிக்காது. கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன் கட்டிய 'கோரி அண்ட் டஃபெடிட்' லேஅவுட் இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பேசப்பட்டவற்றுள் ஒன்று. 1973-ல் தீயில் அழிந்துபோனது. அந்தப் பெரிய லேஅவுட்டுக்குள்ளும் அவர் முதலில் கட்டிய சின்ன லேஅவுட் ஒரு பகுதியாக இருந்தது. சின்னதாகத் தொடங்கினால் பிறகு பெரிதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேல், அதாவது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறது என்பதில் வரும் குழப்பம் சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியது. எச்ஓ (HO) என்றால் 1:87, ஓஓ (OO) என்றால் 1:76, இரண்டும் ஓடுவது அதே 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில். 'என்' (N) ஸ்கேல் 9 மி.மீ. தண்டவாளம், ஆனால் பிரிட்டனில் அது 1:148, மற்ற பல நாடுகளில் 1:160. தண்டவாளம் ஒன்று என்பதால் எல்லாம் ஒரே ஸ்கேல் என்று நினைத்துக் கலந்து வாங்கினால் ஓடுவது ஓடும், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் ஒரு பெட்டி மட்டும் ஊதிப்போன மாதிரி தெரியும்.

வளைவில்தான் கனவும் இடமும் மோதிக்கொள்கின்றன. ஒரு கைக்கணக்கு உண்டு: உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நீளத்தை மூன்றால் பெருக்குங்கள், வளைவின் ஆரம் அதற்குக் குறையாமல் இருந்தால் நம்பி ஓட்டலாம். ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பயணிகள் பெட்டி எச்ஓவில் 303 மி.மீ. வரும், எனவே ஏறத்தாழ 91 செ.மீ. ஆரம் வேண்டும். டப்பாவோடு வரும் தொடக்கநிலை செட்களின் வளைவோ 36 செ.மீ., 45 செ.மீ. என்ற அளவில்தான் இருக்கும். அதில் பெட்டி திரும்பாது என்றில்லை, திரும்பும். ஆனால் நடுப்பகுதி உள்ளே தள்ளிக்கொண்டு, முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலை உரசிக்கொண்டு திரும்பும். இதனால்தான் சில தயாரிப்பாளர்கள் நீளத்தை மட்டும் 1:100 அளவுக்குச் சுருக்கிய பெட்டிகளை விற்கிறார்கள். இடம் இல்லையென்றால் குட்டை வேகன்களும் சின்ன என்ஜினும் ஓடுகிற கிளைப்பாதையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், அது பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

இடப்பக்க வளைவு முடிந்த உடனே வலப்பக்க வளைவு தொடங்குவது இன்னொரு பொறி. அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் விலகும், பெட்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளர் பக்கவாட்டில் இழுத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடும். நடுவில் நீளமான பெட்டி அளவுக்காவது நேர்ப்பாதை வையுங்கள். காகிதத்தில் வரையும்போது இது தெரிந்துவிடும். ஆனால் இரண்டு இணைப் பாதைகளுக்கு நடுவே கூர்மையான பாயிண்ட்ஸ் இரண்டைச் சேர்த்துக் குறுக்குப்பாதை போட்டால் அதுவும் அதே வளைவுதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

ஏற்றத்துக்கு வருவோம். ஒரு பாதை இன்னொன்றின் மேல் பாலத்தில் கடக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? எச்ஓவில் கீழே ரயில் போக இடம், பாலத்தின் தடிமன் எல்லாம் சேர்த்து 10 செ.மீ. உயர்த்த வேண்டும் என்று வையுங்கள். 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு 5 மீட்டர் பாதை வேண்டும். மறுபடி இறங்க இன்னொரு 5 மீட்டர். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சாய்வு மெல்ல மாற வேண்டும், சட்டென்று மாறினால் என்ஜினின் முன்பக்கம் தட்டும் அல்லது கப்ளர் கழன்றுகொள்ளும். 4 சதவீதமாக்கினால் நீளம் பாதியாகும், ரயிலும் பாதியாகும். வளைவிலேயே ஏறினால் உராய்வு இன்னும் கூடுதல். சின்னப் பலகையில் எட்டு வடிவப் பாதையும் மேம்பாலமும் வரைவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தண்டவாளம் போட்டதும் ஜல்லி ஒட்டுகிற அவசரம்தான் என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. வெறும் தண்டவாளமாகவே சில வாரங்கள் ஓட்டுங்கள். மெதுவாக, வேகமாக, முக்கியமாகப் பின்னோக்கி. முன்னால் இழுக்கும்போது ஒழுங்காகப் போகிற ரயில் பின்னால் தள்ளும்போது எந்த இணைப்பில் கோணல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். விரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும், உள்பக்க ஓரத்திலும் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். வளையும் தண்டவாளத்தை வளைவில் போடும்போது இணைப்பு வருகிற இடம் முறிந்த மாதிரி கோணிக்கொள்ளும், அதற்கு இரண்டு துண்டுகளையும் நேராக இருக்கும்போதே சால்டர் செய்துவிட்டு அப்புறம் வளைப்பதே வழி. அதற்காக எல்லா இணைப்பையும் சால்டர் செய்து பூட்டிவிடாதீர்கள். காற்றின் ஈரத்துக்கு மரப்பலகை ஊதிச் சுருங்கும், நேர்ப்பாதைகளில் மெல்லிய இடைவெளி இல்லையென்றால் தண்டவாளம் ஒருநாள் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும்.

தடம் புரள்வதைப் பற்றி மற்றவர்களிடம் உதவி கேட்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. லேஅவுட் முழுவதும் தெரிகிற அழகான படம் ஒன்றை எடுத்துக் காட்டி "ஏன் புரளுது?" என்றால் யாராலும் சொல்ல முடியாது. எந்த வேகன், அதில் முதல் சக்கரமா கடைசிச் சக்கரமா, எந்தத் திசையில் போகும்போது, எப்போதும் ஒரே இடத்திலா, இதைச் சொல்லுங்கள். தண்டவாள மட்டத்தில் போனை வைத்து மெதுவோட்டத்தில் ஒரு வீடியோ எடுங்கள். பல வண்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் கோளாறு தண்டவாளத்தில், ஒரே வண்டி பல இடங்களில் விழுந்தால் கோளாறு வண்டியில். பாதிக் கேள்விக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

வண்டியில் கோளாறு என்றால் முதலில் எடையையும் சக்கர இடைவெளியையும் பாருங்கள். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் எச்ஓவுக்குத் தரும் பரிந்துரை சுலபமானது: வேகனுக்கு 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். ஆறங்குல வேகன் என்றால் 112 கிராம். காலி வேகன்கள் பல இதில் பாதிகூட இருக்காது, நீண்ட ரயிலின் நடுவில் கோத்தால் வளைவில் உள்பக்கமாகச் சாயும். சக்கரங்களையும் பாயிண்ட்ஸையும் சரிபார்க்க அதே சங்கத்தின் தகட்டு கேஜ் (அளவு பார்க்கும் தகடு) ஒன்று கையில் இருந்தால் ஊகிக்கிற வேலை மிச்சம்.

அடுத்தது வயரிங், இதில் அலட்சியம் அதிகம். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்ன உலோக ஜாயினர் துண்டுகளை நேராகப் பிடித்து வைக்கத்தான். அது மின்சாரமும் கடத்தும், ஆனால் நாளாக ஆகத் தளர்ந்து, கறுத்து, கடத்துவதை நிறுத்திவிடும். பாதையின் மறுமுனையில் என்ஜின் தூங்கி வழிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பலகைக்கு அடியில் தடித்த வயர் ஜோடி ஒன்றை ஓட்டி, மீட்டருக்கு ஒன்றாவது அதிலிருந்து தண்டவாளத்துக்கு மெல்லிய வயர் கொடுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் இரண்டு நிறம், கடைசி வரை மாற்றாதீர்கள், கையில் சிவப்பு தீர்ந்துபோனது என்பதற்காகப் பச்சையில் தொடர்ந்தால் பிறகு பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசிசி (என்ஜின்களை டிஜிட்டல் சிக்னலால் இயக்கும் முறை) வந்தால் இரண்டே வயர் போதும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அதற்கும் ஊட்டு வயர்கள் வேண்டும், சொல்லப்போனால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் பல ஆம்பியர் மின்சாரம் எப்போதும் தண்டவாளத்தில் இருக்கிறது. ஒரு காசை எடுத்துப் பாதையின் பல இடங்களில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி வையுங்கள். உடனே மின்சாரம் கட் ஆக வேண்டும். எங்காவது கட் ஆகவில்லை என்றால் அங்கே வயரிங் போதாது, ரயில் தடம் புரண்டு ஷார்ட் ஆகும் நாளில் சக்கரமோ பிளாஸ்டிக்கோ உருகும். ரயில் போய் வளைந்து அதே பாதைக்கே திரும்பி வரும் லூப் இருந்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேரும், அப்படியே இணைத்தால் ஷார்ட்தான். அந்தப் பகுதியை இரு முனையிலும் பிரித்து, அதன் மின் துருவத்தை மாற்றும் கருவி ஒன்றைப் போட வேண்டும். ஜெர்மன் தயாரிப்பாளர் மார்க்லினின் மூன்று-தண்டவாள முறையில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

சுரங்கத்துக்குள் பாயிண்ட்ஸ் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் மலையின் பின்பக்கத்தைத் திறந்து விடுங்கள், அல்லது மலையையே தூக்கி எடுக்கும்படி கட்டுங்கள்.

ஜல்லி ஒட்டும் நாள் வந்ததும் மணலின் அளவைப் பாருங்கள். 2 மி.மீ. மணல் எச்ஓவில் 17 செ.மீ. பாறாங்கல், நிஜ ஜல்லி அந்த ஸ்கேலில் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து அள்ளிய மண் என்றால் காந்தத்தை அதன் மேல் ஓட்டுங்கள், இரும்புத் துகள் இருந்தால் என்ஜின் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப் விட்டால் உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும். பாயிண்ட்ஸின் நகரும் பாகத்துக்குப் பக்கத்தில் மட்டும் கஞ்சத்தனமாக ஊற்றுங்கள், ஒட்டிக்கொண்டால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு வருவது சுத்தம் செய்யும் தவறு. உப்புத்தாளால் தேய்த்தால் தண்டவாளம் பளபளக்கும், கூடவே மெல்லிய கீறல்களும் விழும், அழுக்கு அடுத்த முறை அந்தக் கீறல்களில் இன்னும் சீக்கிரம் சேரும். இரும்புக் கம்பளியை லேஅவுட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உதிர்ந்த இழைகள் மோட்டாரில் புகுந்து ஷார்ட் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரங்களை விட்டுவிட்டால் கறுப்புப் பிசுக்கு ஒரே சுற்றில் திரும்பி வந்துவிடும். பிளாஸ்டிக் சக்கரங்களில் அது இன்னும் அதிகம், முடிந்தபோதெல்லாம் உலோகச் சக்கரமாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.