வெளிநாட்டு முதலீட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை: விலையும் வெளியேறும் வழியும்

2022 பிப்ரவரி தொடக்கத்தில் ரஷ்யாவின் பொருளாதாரக் கணக்குகளை மட்டும் புரட்டிய ஒருவர், அந்நாட்டுப் பங்குகளை வாங்கலாம் என்றே முடிவு செய்திருப்பார். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்துக்கும் குறைவு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு 600 பில்லியன் டாலருக்கு மேல், பங்குகளும் மலிவு. பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கியது. சில நாட்களுக்குள் அந்தக் கையிருப்பில் ஏறக்குறைய பாதியை மேற்கத்திய நாடுகள் முடக்கின. மாஸ்கோ பங்குச் சந்தை ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக் கிடந்தது. மீண்டும் திறந்தபோதும் வெளிநாட்டினர் விற்கத் தடை இருந்தது. உலக நிதிகள் பின்பற்றும் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் ரஷ்யப் பங்குகளைத் தன் வளரும் சந்தைக் குறியீட்டிலிருந்து பூஜ்ஜியத்தை ஒட்டிய விலையில் நீக்கியது. கணக்குகளில் பிழை இருக்கவில்லை. ஆனால் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது. ஆகவே வட்டி, நாணயம், கடன் போன்ற நாடு தழுவிய கணக்குகளைக் காட்டும் பேரியல் பொருளாதாரத்தை விலைக்காகவும், நாடுகளுக்கிடையிலான மோதலையும் போட்டியையும் பேசும் புவிசார் அரசியலை வெளியேறும் வழிக்காகவும் தனித்தனியே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரம் தரும் வருவாய் விகிதத்தைப் பாருங்கள். பாதுகாப்பானதாகக் கருதப்படும் அந்தப் பத்திரமே நல்ல வருவாய் தரும்போது, அபாயம் மிகுந்த நாடுகளுக்குப் பணம் போவதற்குக் காரணம் குறைகிறது. 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த தன் வட்டி விகிதத்தை அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை உயர்த்தியபோது, உலகெங்கும் பங்குகளும் பத்திரங்களும் மறுமதிப்பீட்டுக்கு உள்ளாயின.

அடுத்து, நாணய மாற்றத்தை உங்கள் சொந்த நாணயத்தில் கணக்கிடுங்கள். 2022இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 19 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சரிந்தது. அதே ஆண்டில் ஒரு டாலரின் மதிப்பு சுமார் 74 ரூபாயிலிருந்து 83 ரூபாயை நெருங்கியதால், ரூபாயில் கணக்கு வைத்த இந்திய முதலீட்டாளரின் நட்டம் ஏறக்குறைய 10 சதவீதத்தோடு நின்றது. ரூபாய் வலுத்திருந்தால் நட்டம் கூடியிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புவிசார் அரசியலில் தலைப்புச் செய்திகளின் வேகத்துக்கு ஓடாதீர்கள். 2022 மார்ச்சில் உலக எண்ணெய் விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலர் வரை ஏறியது. டிசம்பரில் அது போருக்கு முந்தைய விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. பதற்றத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்களுக்குத் போர் நீளும் என்ற கணிப்பு சரியாக இருந்தும் பயன் கிட்டவில்லை. அதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு: உங்கள் பங்குகள் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ், யாருடைய பதிவேட்டில் இருக்கின்றன? மூலதனத்தை வெளியே கொண்டுபோக அந்நாட்டு அரசு தடை விதித்த வரலாறு உண்டா? அது யாருடைய பொருளாதாரத் தடைக்கு ஆளாகக்கூடும்?

இக்கேள்விகளை உங்கள் பரஸ்பர நிதித் திட்டத்தின் (மியூச்சுவல் ஃபண்ட்) மாதாந்திர அறிக்கையிடமும் கேளுங்கள். வளரும் நாடுகளில் பரவலாக முதலீடு செய்வதாகச் சொல்லும் நிதிகள் பலவற்றில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யே மிகப்பெரிய பங்காக இருக்கிறது. சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலுள்ள தைவான் நீரிணையில் நெருக்கடி வந்தால் எந்த அளவு இழப்பைத் தாங்குவீர்கள் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி, அதற்கேற்பத் தொகையைத் தீர்மானியுங்கள்.