ஏரித் தண்ணீர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. அதனால் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கின்றன. கார்த்திகை பிறக்கும்போது பருவம் பாதிதான் முடிந்திருக்கும். அடுத்து வரும் நவரை நெல் பட்டத்துக்கு எத்தனை ஏக்கர் நடலாம் என்ற பேச்சு அதற்குள் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட முடிவுகளுக்கு 1950களிலேயே டான்ட்சிக், பெல்மன் போன்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் கணித முறைகளை வகுத்துவிட்டார்கள். முறையில் கோளாறு இல்லை, கையாளுவதில்தான்.

பெரிய தவறு, மழை இருக்க வேண்டிய இடத்தில் சராசரி மழையை உட்காரவைப்பது. ஒரு கற்பனை ஏரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 20, 60 அல்லது 100 ஏக்கருக்குப் போதும்; மூன்றுக்கும் சம வாய்ப்பு. விளைந்தால் ஏக்கருக்கு 15,000 ரூபாய் லாபம், காய்ந்தால் 35,000 நட்டம். சராசரிப்படி 60 ஏக்கர் நட்டால் 9 லட்சம் என்கிறது காகிதம். மழை பொய்த்தாலோ 20 ஏக்கர்தான் தேறும். 11 லட்சம் நட்டம். மழை கொட்டினாலும் 9 லட்சத்துக்கு மேல் வராது. மூன்றையும் கூட்டி வகுத்தால் 2.33 லட்சம். வெறும் 20 ஏக்கர் நட்டிருந்தாலே 3 லட்சம்!

அடுத்தது, எல்லா முடிவையும் ஒரே நாளில் எடுப்பது. நாற்று விடுவது வேறு, நடவு வேறு. அந்த 35,000இல் நாற்றுச் செலவு 3,000 என்று கொள்வோம். 100 ஏக்கருக்கும் நாற்று விட்டு, மூன்று வாரம் கழித்து ஏரியைப் பார்த்து நட்டால் சராசரி லாபம் 7.8 லட்சம். மிஞ்சும் நாற்றைப் பார்த்து வயிறெரிவார்கள். எரியட்டும், காத்திருக்கும் உரிமைக்கு அதுதான் விலை.

ஒவ்வொரு மழைக்கும் தனித்தனியே சிறந்த திட்டம் போட்டு, அந்த லாபங்களின் சராசரியைக் காட்டுவோரும் உண்டு. 3, 9, 15 லட்சம், சராசரி 9. நாற்று விடும் நாளிலேயே மழையை அறிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

ஒன்று நிரம்பி அடுத்ததுக்குத் தண்ணீர் விடும் சங்கிலி ஏரிகளை அப்படியே கணக்கில் ஏற்றுவதும் வம்பு. ஓர் ஏரியின் மட்டத்தைப் பத்து நிலையாகப் பிரித்தால், ஆறு ஏரிக்கும் சேர்த்துப் பத்து லட்சம் நிலைகள். முடிவை மாற்றாத விவரத்தைத் தள்ளிவிடலாம்.

கணக்கின் கடைசித் தவணையில் ஏரியில் மிஞ்சும் தண்ணீருக்கு மதிப்புப் போடாவிட்டால், கணக்கு மதகைத் திறந்து ஏரியைத் துடைத்துவிடும். சித்திரையில் ஆயக்கட்டுக் கிணறு ஊறுவதும் மாடு குடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கன அடிக்கு இவ்வளவு என்று தோராயமாகவாவது ஒரு விலை எழுதுங்கள். பூஜ்யமும் ஒரு விலைதான், அதுவே மிகத் தவறான விலை.