பசைக்குப் பிடிபடாத மூடிகளும் என் காதணிகளும்: என் அனுபவம்

கீழே கிடக்கும் பாட்டில் மூடிகள், உடைந்த பொம்மையின் கை, பழைய கீபோர்டின் பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டுத்தனமான காதணிகள் செய்வது என் பொழுதுபோக்கு. பொத்தான்கள் எபாக்சிப் பசையில் உறுதியாக ஒட்டிக்கொண்டன; மூடிகளிலோ, பசை நன்றாக இறுகிய பிறகும், நகத்தால் நெம்பியவுடன் முழுப் படலமாக உரிந்து வந்தது. மூடிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதும், அவற்றின் மேற்பரப்பு ஆற்றல் (மேலே படும் பொருளை ஈர்த்துப் பிடிக்கும் தன்மை) குறைவாக இருப்பதால் பசை பரவிப் பற்றாது என்பதுமே இதற்குக் காரணம். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்ததில் பெரிய பயன் இல்லை.

ஆகவே பசையை விட்டுவிட்டு, மூடிக்கு அடியில் மரத்துண்டு ஒன்றை வைத்து, 1.5 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலேயே சுழற்றித் துளையிட்டேன். இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் பிளாஸ்டிக் உருகி, துளையின் விளிம்பில் பிசிறாகச் சுருண்டுவிடும். அதைச் சீவி எடுப்பது எரிச்சலான வேலை. பொம்மைக் கையை மூடியின் நடுவில் பொருத்த, இரண்டிலும் துளையிட்டு 0.8 மி.மீ. செம்புக் கம்பியைக் கோத்துப் பின்புறம் முறுக்கினேன். முறுக்கிய முனையை உள்நோக்கி மடக்காவிட்டால் கழுத்தைக் கீறும்.

பிறகு ஒரு வேடிக்கை: மூடியின் விளிம்பருகே இட்ட துளையில் ஒரே கம்பி வளையத்தை மாட்டிக் காதுக் கொக்கியில் தொங்கவிட்டபோது, மூடியின் முகம் முன்புறம் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒவ்வொரு வளையமும் அடுத்ததைக் கால்வட்டம் திருப்பிவிடுவதால், இடையில் இன்னொரு சிறு வளையத்தைச் சேர்த்ததும் முகம் நேராயிற்று.