தெரு வாய்க்காலுக்கு எவ்வளவு செலவானது? வீட்டிலிருந்தே பார்க்கும் வழி

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, பட்டா நகல், முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களில் சிலர் கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எங்க ஊருக்கு எவ்ளோ பணம் வந்துச்சுன்னு பாக்க முடியுமாம்மா?" முடியும். காசும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஆனால் மொத்தத் தொகையைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. இத்தனை லட்சம் வந்தது என்று தெரிந்தால் டீக்கடையில் கோபப்படலாம், அவ்வளவுதான். அதைவிட, கண்ணால் பார்த்து டேப் வைத்து அளக்கக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்கால், ஒரு சிறுபாலம், ஒரு சுடுகாட்டுப் பாதை.

அந்த இடம் எந்த ஊராட்சியில் வருகிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஊராட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று என்பது நம் பக்கம் சகஜம். வடலூரும் திட்டக்குடியும் 2021-இல் நகராட்சியாகிவிட்டன, கடலூர் மாநகராட்சியாகிவிட்டது. அங்கே இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில்தான் தேட வேண்டும். இங்கே சொல்வது கிராம ஊராட்சிகளுக்கு. ஒன்றியத்தின் பெயரிலும் கவனம் தேவை: புவனகிரிக்காரர்கள் மேல்புவனகிரி என்று தேட வேண்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து சொல்லவே வேண்டாம், ழகரத்துக்கு ஒரு தளத்தில் எல் இருக்கும், இன்னொன்றில் இசட்-எச் இருக்கும். நாட்டின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் மத்திய அரசின் உள்ளாட்சிப் பட்டியலில் எல்.ஜி.டி. எண் என்று ஒன்று உண்டு. அதை ஒருமுறை கண்டுபிடித்து டைரியில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

சரி, இப்போது இ-கிராம்ஸ்வராஜ் தளத்துக்குப் போங்கள். 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கியது. அறிக்கைகள் பகுதியில் நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தால் திட்டமும் வரும், வரவு செலவும் வரும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். பொங்கலுக்குப் போட்ட சாலை முந்தைய ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும். இங்கே முக்கியமாகத் தெரிவது நிதிக்குழு மானியம், அதாவது நிதிக்குழு சொல்கிறபடி மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணம். 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான், மீதி 40 சதவீதம் ஊரின் மற்றத் தேவைகளுக்கு. அதிலும் சம்பளம் கொடுக்கக்கூடாது. 'வாய்க்காலுக்குச் செலவழிச்சாங்க, ரோட்டுக்கு ஏன் போடலை' என்று சண்டை பிடிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையான விஷயம் வவுச்சரில்தான், அதாவது பணம் கொடுத்ததற்கான பதிவுச் சீட்டில்தான் இருக்கிறது. எண், தேதி, தொகை, எதற்காக, யாருக்கு. போன வருடம் ஒரு தம்பி கொதித்துப்போய் வந்தார். ஒரே வாய்க்காலுக்கு இரண்டு வவுச்சர், இரண்டு தொகை. 'ரெண்டு தடவை பில் போட்டுட்டாங்கக்கா, வாட்ஸ்அப்ல போடப் போறேன்' என்றார். உட்காரவைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தோம். முதலாவது பகுதி பில், இரண்டாவது இறுதி பில். இரண்டையும் கூட்டி எஸ்டிமேட் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. அந்த வித்தியாசம் ஜி.எஸ்.டி., வருமான வரி, தொழிலாளர் நல நிதி என்று பிடித்தது. ஆக, கூட்டல் கணக்கில் கோளாறு இல்லை. வாய்க்காலின் நீளத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது.

தேதியையும் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. பிப்ரவரி வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு முன்னாள் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்பது அழகல்ல.

நூறு நாள் வேலைக்குத் தனித் தளம், நரேகா. அரசுத் தளங்களில் இவ்வளவு விவரமாக இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்த ஏரி, எந்த வாரம், என்.எம்.ஆர். என்கிற வருகைப் பதிவேட்டில் யார் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதுவரை இருக்கும். இங்கே சரிபார்க்க டேப் வேண்டாம், அந்தத் தெருவில் குடியிருந்தால் போதும். வருகைப் பதிவில் இருப்பவர் அந்த வாரம் சிங்கப்பூரில் இருந்தாரா, மகள் பிரசவத்துக்குப் பண்ருட்டி போயிருந்தாரா என்று ஊருக்குத் தெரியும். வேலைத்தளத்தில் செயலியில் போட்டோ எடுத்து ஏற்றுவது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அதிலும் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றும் வேலை நடக்கிறது என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதனால் படங்களையும் திறந்து பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயர்ப் பட்டியலை அப்படியே குரூப்பில் போடாதீர்கள். கூலிக்குப் போனவர்கள் பாவம், அவர்கள் பெயரில் யாரோ எழுதியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்.

நெய்வேலியைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பணமும் உண்டு, மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. 2015 ஜனவரிக்கு முந்தைய குத்தகை என்றால் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைச் சுரங்க நிறுவனம் இதற்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் இது. ஊராட்சிக் கணக்கில் தேடினால் கிடைக்காது, மாவட்ட நிர்வாகத்தின் பக்கம்தான் கேட்க வேண்டும். எம்.எல்.ஏ. நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. அவற்றில் நடந்த வேலையில் பெரும்பாலும் பெயர்ப் பலகையே இருக்கும், ஆண்டும் தொகையும் போட்டு.

பாகூர் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். ஆற்றைத் தாண்டினால் கதை வேறு. புதுச்சேரி யூனியன் பிரதேசம், நிதிக்குழு மானியம் மாநிலங்களுக்குத்தான். அங்கே கொம்யூன் பஞ்சாயத்து, உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்ததே 2006-இல். நான் சொன்ன வழியில் நரேகாவைத் தவிர அவர்களுக்குப் பெரிதாக எதுவும் உதவாது.

இணையத்தில் கிடைப்பது எவ்வளவு செலவானது என்பது. என்ன செய்தார்கள் என்பது எஸ்டிமேட்டிலும், வேலையை அளந்து எழுதும் எம்-புக்கிலும் இருக்கிறது. வவுச்சரைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போகலாம். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. அங்கே 'ஊழல்' என்று ஆரம்பிக்காதீர்கள், வவுச்சர் எண்ணையும் தேதியையும் சொல்லி அந்த வேலையின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மட்டும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லையா, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆர்.டி.ஐ. மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில். 'ஊழல் விவரம் தருக' என்றால் ஒன்றும் வராது. 'இந்த வவுச்சர் எண்ணுக்கு உரிய எஸ்டிமேட் நகல், எம்-புக் பக்க நகல்' என்று எழுதுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் டேப்போடு இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பிடிக்க ஒருவர் எழுத. நீளமும் அகலமும் மேலேயே தெரிந்துவிடும். கான்கிரீட்டின் கனம் தெரியாது. அதற்கும் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் வழி இருக்கிறது: வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரியைச் சான்றளித்துத் தரவும் கேட்கலாம்.