கிளிமஞ்சாரோ ஏற எந்தப் பாதை? வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்கு

வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஒரே ராத்திரியில் ஏறியவர்களுக்கு அடுத்து கிளிமஞ்சாரோ ஆசை வருவது இயல்புதான். தான்சானியாவில் இருக்கிறது, 5,895 மீட்டர். கயிறு பிடித்து ஏறும் வித்தை தெரியாமலே உச்சிவரை நடந்து போகலாம்.

"ஏனுங்க, இருக்கறதுல ஈசியான பாதை எது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் என் மச்சானும் அப்படித்தான் கேட்டோம். செலவு குறைவு, படுக்கக் குடில் உண்டு என்று மராங்கு பாதையில் 5 நாள் திட்டத்தை எடுத்தோம். தோட்டத்தில் நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற மச்சான், உச்சிக்கு முந்தைய கடைசிக் குடிலான கீபோவில் தலைவலியும் வாந்தியுமாகச் சுருண்டுவிட்டார். அங்கிருந்தே இறங்கினோம். காலில் தெம்பு இருந்தது, உடம்பு உயரத்துக்குப் பழக நாள்தான் போதவில்லை.

1. தூங்கும் உயரத்தை எழுதுங்கள்

எந்தப் பாதையானாலும், ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் உயரம் ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இப்போது மராங்குவில் படுக்கும் மூன்று குடில்களைப் பாருங்கள்: மண்டாரா சுமார் 2,700, ஹொரொம்போ 3,700, கீபோ 4,700. தினமும் ஆயிரம் மீட்டர்! தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அந்த உயரத்தில் முதல் ராத்திரியே படுத்துவிடுகிறோம்.

2. ஏற்றி இறக்கும் பாதையா பாருங்கள்

பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு ராத்திரி கீழே வந்து படுத்தால் உடம்பு நன்றாகப் பழகும். மச்சாமே, லெமோஷோ இரண்டு பாதையும் இதற்கு வாகானவை. லாவா டவர் என்ற பாறைவரை, சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, 3,900-ஐ ஒட்டிய பரான்கோவில் கூடாரம் போடுவார்கள்.

3. ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்

மச்சாமே என்றால் 6 நாள் வேண்டாம், 7 நாள் எடுங்கள். லெமோஷோ 8 நாள் கிடைத்தால் இன்னும் நல்லது, முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வடக்குச் சுற்றுப்பாதைக்கு 9 நாள் ஆகும். லீவும் பணமும் இருந்தால் தாராளமாகப் போகலாம். உம்ப்வே பாதை செங்குத்து, புதியவர்களுக்கு வேண்டாம். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் என்பதால் ஒரு நாள் கூடினால் செலவும் கூடும். சிக்கனத்தை வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், நாளில் பிடிக்காதீர்கள்.

4. மாதம்

மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. நமக்கு இதில் ஒரு வசதி: வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரை விடுவார்கள், அங்கே பழகிவிட்டு இங்கே கிளம்பலாம். பூண்டியிலிருந்து ராத்திரியில் மூங்கில் தடியோடு ஏறிய பழக்கம், கிளிமஞ்சாரோ உச்சிக்கு நள்ளிரவில் கிளம்பும்போது கைகொடுக்கும். இறக்கம் முழங்காலையும் பழக்கும். ஆனால் உயரத்துக்கு வெள்ளியங்கிரி பழக்காது, அதை மறக்க வேண்டாம்.

5. பணம் கட்டும் முன் கேளுங்கள்

வழிகாட்டி இல்லாமல் மலைக்குள் விடமாட்டார்கள். அதனால் அவரை அனுப்புகிறவர்களிடம், ஒருவருக்கு முடியாமல் போனால் யார் கூட இறங்குவார், ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்று கேளுங்கள். தலைவலி குறையாமல் நடை தள்ளாட ஆரம்பித்தால், ராத்திரி என்றாலும் உடனே இறக்கிவிட வேண்டும். அப்புறம், மாத்திரை எதுவானாலும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

மச்சான் வரும் ஆகஸ்டில் மறுபடி கிளம்புகிறார். லெமோஷோ, 8 நாள். சித்திரையில் வெள்ளியங்கிரியை இரண்டு முறை ஏறி முடித்துவிட்டார்.