தரைமூடிச் செடிகள்: நடுவதற்கு முன்பே செய்யும் தவறுகள்

தரைமூடிச் செடி வைத்தால் களை வராது என்ற நம்பிக்கையோடுதான் பலரும் நர்சரிக்குப் போகிறார்கள். அது பாதி உண்மை. இலையோடு இலை முட்டி, மண்ணே கண்ணில் படாத நிலை வந்த பிறகுதான் களை அடங்கும். செடியையும் இடைவெளியையும் பொறுத்து அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை வெறும் தரையைவிடக் கூடுதல் கவனிப்பு வேண்டும். பாத்திகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான். ஆனால் காரணத்தைத் தேடினால், நடுவதற்கு முன்பு செய்த ஏதோ ஒரு தவறில் போய் நிற்கும்.

வெயிலை ஒரே மாதத்தில் பார்த்து முடிவு செய்வது

வீட்டின் வடபுறம் எப்போதும் நிழல் என்று நினைப்பது வழக்கமான தவறு. மார்கழியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். காலை, மாலை வெயிலும் அந்த மாதங்களில் வடபுறச் சுவரில்தான் விழும். தையில் அங்கே நட்டுத் தளதளவென்று நின்ற வல்லாரை, மே மாதம் இலையோரம் கருகிச் சுருள்வது இதனால்தான். தென்புறச் சுவரோரம் இதற்கு நேர்மாறு: மார்கழியில் வெயில், ஆனியில் நிழல்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்துக்கு டேபிள் ரோஸ், பொடுதலை. காலை வெயில் மட்டும் வரும் இடத்துக்கு, நிலக்கடலை போலவே இலையும் மஞ்சள் பூவும் கொண்ட பீநட் கிராஸ். ஈரமும் அரைநிழலும் இருந்தால் வல்லாரை. குழாயடி போல எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடத்துக்கு நீர்ப்பிரமி. ஆர்.ஓ. கழிவுநீரைத் தினமும் பாத்தியில் விட்டால் உப்பு படியும். பொடுதலை அதை ஓரளவு தாங்கும்.

கோரையை வெட்டிவிட்டு நடுவது

இதுதான் பெரிய தவறு. கோரையை மேலே வெட்டினாலும் பிடுங்கினாலும் கிழங்கு அடியிலேயே தங்கிவிடும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு என்று தொடராக இருப்பதால், ஒன்றை இழுக்கும்போது தொடர் அறுந்து, மிச்சம் இருப்பவை தனித்தனியாக முளைக்கும். கறுப்புப் பாலித்தீன் விரித்தாலும் ஊசி முனையால் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முக்கால் அடி ஆழம் கொத்தி, கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் விட்டு, எதையும் நடாமல் இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். தப்பியவை முளைக்கும், அந்த முளையைப் பிடித்தே கிழங்கோடு தோண்டி எடுக்கலாம். இதை இன்னும் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தரைமூடி படர்ந்த பிறகு அதன் நடுவே கோரை வந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வெடேலியாவை வாங்குவது

இரண்டுக்கும் பூ மஞ்சள், இரண்டும் தரையில் படரும். அதனால் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் வெடேலியா தாராளமாக விற்கப்படுகிறது. இலையைப் பாருங்கள். வெடேலியாவின் இலை தடித்துப் பளபளப்பாக, பக்கத்துக்கு ஒரு மடலோடு மூன்று முனைகளாகப் பிரிந்திருக்கும். விளிம்பில் ஆழமான பற்கள் இருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியது, அந்த மடல்கள் இருக்காது, பூவும் சிறியது. கீரையாகச் சமைக்கும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாட்டை உறுதி செய்யாமல் பறிக்கவே கூடாது.

வெடேலியா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், வெட்டிய கொடியை வாய்க்கால் ஓரத்திலோ காலி மனையிலோ போடாமல், வெயிலில் சருகாகும் வரை சிமென்ட் தரையில் உலர்த்துங்கள்.

இடைவெளியும் பருவமும்

எத்தனை செடி வாங்குவது என்று தெரியாமல் பாதி வாங்கி, அகல நட்டு, நடுவில் களைக்கு இடம் கொடுப்பார்கள். கணக்கு எளிது: நூறு சதுர அடிக்கு, ஓரடி இடைவெளி என்றால் 100 செடி, 8 அங்குலம் என்றால் 225, அரையடி என்றால் 400. பொடுதலைக்கு ஓரடி போதும். டேபிள் ரோஸுக்கும் வல்லாரைக்கும் 8 அங்குலம். பணம் குறைவாக இருந்தால் இடைவெளியைக் கூட்டாதீர்கள், பரப்பைக் குறையுங்கள். மூன்று மாதத்தில் அந்தப் பாத்தியே அடுத்த பாத்திக்கு நாற்று தரும்.

நட ஏற்ற காலம் ஆவணி, அல்லது மழை ஓய்ந்த தை. பங்குனி, சித்திரையில் நட்டால் தண்ணீர் ஊற்றியே மாளாது. டேபிள் ரோஸ் வடகிழக்குப் பருவமழையில் தண்டழுகி மடியும்; பாத்தியை நாலு அங்குலம் உயர்த்தி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் கலந்தால் ஓரளவு தப்பும். எதற்கும் புரட்டாசியில் சில தண்டுகளைக் கிள்ளித் தொட்டியில் நட்டு, மழை படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில்

வேம்பு, மா அடியில் நடுவதற்காக அரையடி மண்ணைக் கொட்டுவார்கள். தண்டின் அடிப்பட்டை மண்ணுக்குள் புதைந்தால் அழுகத் தொடங்கும்; வேர்களுக்கும் காற்று குறையும். இரண்டு அங்குலத்துக்கு மேல் மண் போடாதீர்கள், தண்டைச் சுற்றி ஓரடி விட்டுவிடுங்கள். அங்கே பொடி இலைச் செடிகளும் சரிவராது, உதிரும் சருகு மூடி மூச்சடைத்துவிடும். நிமிர்ந்து வளரும் ரியோ (இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் செடி), ஸ்பைடர் பிளான்ட் போன்றவற்றின் நடுவிலிருந்து சருகைக் கையால் அள்ளிவிடலாம். ரியோவின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நடந்து போகும் வழியில் டேபிள் ரோஸ் ஒரு வாரம்கூடத் தாங்காது. பொடுதலை மிதியைத் தாங்கும், ஆனால் பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு போக முடியாது. ஓரடிச் சதுரக் கல்லை நடுவுக்கு நடு இரண்டடி இருக்குமாறு பதித்து, இடையில் நடுங்கள். சுவரை ஒட்டி மட்டும் ஒரு சாண் வெறும் மண்ணாக விடுங்கள். கரையான் மண்கோடு இழுத்தால் அங்கேதான் முதலில் தெரியும்.