வன்னியில் வீடு வாங்க, விற்க: கிணற்றை எட்டிப் பார்க்க முதல் கடதாசியைப் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் கேற்றைத் திறந்தவுடன் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், தென்னையை எண்ணுவார்கள், பிறகு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே விலையைக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதெல்லாம் பிறகு. வளவுக்குள் காலை வைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?" அதாவது, நொத்தாரிசு எழுதிய உரிமைப் பத்திரம் (உறுதி) உள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியா என்பதுதான்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியாது. வன்னியில் பெரும்பாலான குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. முதலில் பெர்மிட் தருவார்கள், நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு அளிப்புப் பத்திரம் தருவார்கள். ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று வீடுகளில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருப்பது அந்த அளிப்புகளைத்தான். பெர்மிட் காணியில் ஐம்பது லட்சம் போட்டு மாடி வீடு கட்டியிருந்தாலும் அடியில் இருக்கும் நிலம் அரசுடையது. அளிப்புக் காணி என்றாலும் பிரதேச செயலாளரின் முன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்பதற்கும் அளிப்பிலேயே அளவு போட்டிருக்கும், அரை ஏக்கரை இரண்டாக வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தை வாங்கி வாசியுங்கள்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, நல்ல செம்மண், நாலு பக்கமும் கதியால் வேலி, காய்க்கிற மா இரண்டு. தரகர் ஒரு போட்டோக் கொப்பியைக் காட்டி "இது அளிப்பு, உறுதி மாதிரித்தான்" என்றார், நானும் இரண்டு லட்சம் முற்பணம் கொடுத்துவிட்டேன். பிரதேச செயலகத்தில் காணிக் கிளைக்குப் போய் இலக்கத்தைச் சொன்னபோது அங்கிருந்த பிள்ளை பெரிய பதிவேட்டை விரித்து விரலால் வரியைத் தொட்டுக் காட்டினா: பெர்மிட் மட்டும்தான், அதுவும் செத்துப்போன தகப்பனுடைய பெயரில், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதும் பின்னுரித்தாளர் நிரலில் ஒருவருடைய பெயரும் இல்லை. பிள்ளைகள் நாலு பேர், மூன்று பேர் வெளிநாட்டில். காசைத் திருப்பி எடுக்க ஒன்றரை வருடம் போனது. அந்த ஐந்து நிமிட வேலையை முற்பணத்துக்கு முதல் செய்திருந்தால் போதும், செலவு பஸ் காசு மட்டும்தான். பெர்மிட்டுக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் யாருக்குப் போகும் என்பதைச் சட்டம் ஒரு வரிசையாக வைத்திருக்கிறது. அந்த வரிசையில் முன்பு ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022இல்தான் அதை மாற்றினார்கள். ஆகவே "நான்தான் மூத்தவன், எனக்குத்தான் காணி" என்று வாயால் சொல்வதை நம்பிக் காசு நீட்ட வேண்டாம்.

பெர்மிட் காணியை வெள்ளைக் கடதாசியில் ஒப்பந்தம் எழுதி, ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் சீல் குத்தி விற்பதும் வாங்குவதும் ஊரில் நடக்கிறதுதான். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனைக்கு இலங்கையில் பெறுமதி இல்லை, 1840ஆம் ஆண்டிலிருந்தே இதுதான் சட்டம். அந்தக் கடதாசியை வைத்து வங்கியில் கடனும் எடுக்க முடியாது, நாளைக்கு உங்கள் பிள்ளைக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கவும் முடியாது.

சரி, உறுதிக் காணி என்றே வைத்துக்கொள்வோம். உறுதியின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பதிவுப் பிரதி) எடுத்துப் பாருங்கள், அல்லது உங்களுடைய சொந்த நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள். விற்பவருடைய நொத்தாரிசே உங்களுக்கும் பார்க்கட்டும் என்று விடக்கூடாது. குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னால் போய், காணி ஆரிடமிருந்து ஆருக்கு வந்தது, நடுவில் ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலி ஒரு பிரகடன உறுதியில் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். "நான் இந்தக் காணியை ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று ஒருவர் தானே தனக்கு எழுதிக்கொள்வதுதான் அது. வன்னியில் 1990களிலிருந்து 2009 வரை எத்தனை இடப்பெயர்வு, ஆள் இல்லாத வளவுக்குள் வேறு ஆள் வந்து இருந்த கதை எத்தனை. இடம்பெயர்ந்த சொந்தக்காரர் வழக்குப் போட முடியாமல் இருந்த காலத்தை, பத்து வருடம் ஆண்டவர் காணிக்கு உரிமை கேட்கும் ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. அதனால் பிரகடன உறுதிக்குப் பின்னால் கனடாவிலோ பாரிசிலோ ஒரு உண்மையான சொந்தக்காரர் இருக்கிறாரா என்று பக்கத்து வளவுக்காரரிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவருக்காக இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தை (அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தை) வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால், எழுதிக் கொடுத்தவருடன் வீடியோவில் நேரே கதையுங்கள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்தது, அதற்குப் பிறகு எழுதிய உறுதி நிற்காது. வெளிநாட்டில் இருந்து வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு இலங்கையில் காணி எழுத முடியாது, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இரட்டைப் பிரஜாவுரிமைக் கடதாசி கையில் இல்லாமல் மச்சான் பெயரில், ஒன்றுவிட்ட தம்பி பெயரில் எழுதி வைப்பவர்கள், சட்டத்தின் கண்ணில் வீடு மச்சானுடையதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அடுத்தது தேசவழமை, வடக்குத் தமிழருடைய பழைய வழமைச் சட்டம். இது எல்லாருக்கும் பொருந்துவதில்லை, விற்பவருக்குப் பொருந்துமா என்று நொத்தாரிசிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொருந்துமென்றால், திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை, அது சீதனக் காணியே என்றாலும், விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். எங்கள் ஊர்களில் கணவர் எங்கே என்றே தெரியாமல் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் "அவருடைய கையெழுத்து எங்கே" என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை. ஆனால் வழி இருக்கிறது, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியை எடுக்கலாம். விற்கும் அக்காவும் வாங்கும் நீங்களும் இதைப் பொறுமையாகச் செய்தால் இரண்டு பேருக்கும் நல்லது, சம்மதமில்லாமல் அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு எழுதுவித்துக் கொள்வது அந்த அக்காவுக்குச் செய்யும் அநியாயம்.

திருமணத்துக்குப் பிறகு தேடிய தேட்டம் என்றால் கணவன், மனைவி இரண்டு பேருடைய கையெழுத்தையும் உறுதியில் வாங்குங்கள். பிரிக்கப்படாத பங்குக் காணி என்றால் மற்றப் பங்குக்காரருக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் எழுதினால் பின்னால் வழக்கோடு வந்து நிற்பார்கள்.

நிலஅளவைப் படம் பழையது என்றால், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டி வந்து புதிதாக அளவுங்கள். அளக்கும்போது நீங்களும் கூட நடவுங்கள். நாங்கள் அளந்தபோது படத்தில் இருந்த வடகிழக்கு எல்லைக் கல்லைக் காணவில்லை. பக்கத்து வளவு ஐயா ஒருவர் பொல்லோடு வந்து, ஒரு பனங்குற்றியைப் புரட்டச் சொன்னார், அதன் கீழே கல் இருந்தது. வேலி கல்லிலிருந்து ஐந்து அடி உள்ளே வந்திருந்தது, கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அளவைக் கதைக்கும்போதும் ஒரே அலகில் கதையுங்கள்: ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். காட்டோரக் காணி, குளத்தோரக் காணி என்றால் வன இலாகாவின் எல்லைக் கல்லும் குளத்துக்கென்று ஒதுக்கிய நிலமும் எங்கே போகிறது என்று விதானையாரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கேளுங்கள். போர்க்காலத்தில் ஆள் இல்லாமல் பற்றை மண்டிய வயல்களே காடு என்று குறிக்கப்பட்ட இடங்கள் வன்னியில் உண்டு. பெரிய வீதியோரம் என்றால் பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள், வீதி அகலிக்கும்போது விறாந்தை போகுமா என்பது அதில் தெரியும்.

இப்போது கிணற்றைப் பார்க்கலாம். ஆவணியில் ஒருமுறை போய்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, உவர்க்கிறதா என்று குடித்துப் பாருங்கள், பூநகரி, கண்டாவளைப் பக்கம் ஒரு வளவில் நன்னீரும் அடுத்ததில் உவரும் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் இன்னொருமுறை போங்கள். 2018 டிசம்பரில் வந்த வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓரிரவில் வீடுகளுக்குள் ஏறியது. அந்த நேரம் இங்கே தண்ணி எவ்வளவு நின்றது என்று அயலில் கேளுங்கள், அல்லது சுவரைப் பாருங்கள். புதுப் பெயின்ற் முழங்காலுக்குக் கீழே மட்டும் பொருக்குவிட்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கூரையில் பனஞ்சலாகையை விரலால் தட்டுங்கள், கறையான் தின்றது என்றால் வெறுமையான சத்தம் கேட்கும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு என்றால் எந்தத் திட்டம், விற்பதற்கு நிபந்தனை உண்டா என்று பிரதேச செயலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

காசு விஷயம். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 60 லட்சத்துக்கு வாங்கினால் 3,000 ரூபாவும் 2,36,000 ரூபாவுமாக 2,39,000 ரூபா, நொத்தாரிசின் கட்டணம் தனி. இதை வாங்குபவர்தான் கட்டுவது வழக்கம். வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், செய்யாதீர்கள், வழக்கு என்று வந்தால் நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்கக்கூடிய காசு அந்த உறுதியில் இருப்பது மட்டும்தான். காசை வங்கி மூலம் கொடுங்கள்.

விற்பவர்களுக்கு: மூல உறுதியைத் தரகரிடம் கொடுக்கவே கூடாது, கொப்பி போதும். தரகுக் கூலியை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சகோதரங்களின் பங்கு, தகப்பன் பெயரில் கிடக்கும் பெர்மிட், கட்டாத சோலைவரி (பிரதேச சபைக்குக் கட்டும் ஆதன வரி), எல்லாவற்றையும் ஆள் தேட முதலே சரிப்படுத்துங்கள், வாங்க வந்தவரை ஆறு மாதம் காக்க வைத்தால் அவர் விலையைக் குறைப்பார் அல்லது போய்விடுவார். விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்களே குடியிருந்த வீடு என்றால் விலக்குக் கேட்கலாம், அதற்கு மின்கட்டணப் பட்டியல்களைக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். தென்னை, மா, தண்ணீர் மோட்டார் விலைக்குள் அடக்கமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முழுக் காசும் கணக்கில் விழ முதல் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.

உறுதி எழுதியதோடு வேலை முடிவதில்லை. அது பதிவகத்தில் பதியப்பட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்தவருக்குத்தான் முன்னுரிமை. பிறகு பிரதேச சபையில் சோலைவரியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், மின் இணைப்பையும் மாற்றுங்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே பக்கத்து வளவுக்காரரையும் கூட்டிக்கொண்டு, கல்லுக்குக் கல் கயிறு பிடித்து வேலியை அடையுங்கள்.